கோபால்ட்டுக்குப் பெயர் வைத்தவன்

ஜூன் 12, வியாழன்.

பதினோராம் தர வகுப்பில், கோபால்ட் உலோகத்துக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகள் வெள்ளி இருக்கும் என்று நம்பி அந்தக் கல்லை உருக்கினால் வெள்ளி வராது, நச்சுப் புகைதான் வரும். சுரங்கத்துப் பேயின் வேலை என்று, பேயின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள்.

எங்கள் பாடசாலையின் விஞ்ஞானப் பகுதித் தலைவர் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். மாணவர்கள் முன்னாலேயே, "இஞ்ச பாரும் பிள்ளை, உம்மட தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேய்க்கதையள இஞ்ச கொண்டு வராதையும்" என்றார்.

"இது ஜெர்மன்காரன் பேய் சார். எங்க பசறைத் தோட்டத்துப் பேய்க்கு இன்னும் யாரும் புத்தகத்துல எடம் குடுக்கல" என்றேன். வகுப்பே சிரித்தது. கரும்பலகையை அவரே அழித்துவிட்டுப் போனார்.

அழிக்கட்டும். மண்ணுக்குள் இறங்கிய கூலிக்காரன் வைத்த பெயரைத்தான் இத்தனை வருஷமாக அவரும் வாய் நிறையச் சொல்கிறார். லயத்திலிருந்து வந்த என்னை 'டீச்சர்' என்று கூப்பிடத்தான் அவருக்கு வாய் வரவில்லை.