சோதனைக்கு முன்பே பூஜை

புனே, 12.5.1998

சௌபாக்கியவதி சியாமளாவுக்கு,

இங்கு சௌக்கியம். குழந்தைக்கு ஜுரம் விட்டதா?

இங்கே ஒரு வேடிக்கை. விமானப்படைக்காக நாங்கள் சோதிக்கும் புதிய பயிற்சி விமானம் உச்சிவெயிலில் திணறியது. மறுசோதனை பாக்கி. அதற்குள் வாங்குவதென்று டெல்லியில் முடிவாகி, மந்திரியே பூஜைக்கு வந்துவிட்டார்.

"இன்னும் டெஸ்ட் முடியலையே, சார்" என்றேன்.

"சந்தானம், நாரியல் ஃபோடோ" என்று மேலதிகாரி தேங்காயைக் கையில் திணித்தார். உடைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதை ஓட்டப்போகும் பைலட் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

விமானம் தேர்ந்தெடுக்கிற உத்தியோகம் என்று இனி யாரிடமும் பெருமை பேசாதே. மெஸ் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு.

உன் தம்பி ஜெயந்த் விமானப்படையில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். எப்படியாவது தடுத்துவிடு. அத்திம்பேருக்குக் காரணம் தெரியும் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

அவசரத்தில்,
சந்தானம்