ஃபோம் பலகையில் ஒரு வளைவு

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். மலை தெரியவில்லை. துணி காயாது என்று என் வீட்டுக்காரி சாந்தி புலம்பிக்கொண்டே பேண்டேஜ் கம்பெனி வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

பலகை வந்துவிட்டது. ஏ.சி. வேலைக்காரர்கள் சுவரில் பதிக்கிற கெட்டி ஃபோம். ரோஸ் நிறம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர், "என்ன சார், மெத்தையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொம்மை ரயிலுக்குப் பாதை போடப்போகிறேன் என்று இந்த வயதில் யாரிடம் சொல்வது.

மதுரை டாக்டரின் யோசனை இது. லீவு முடிகிறவரை கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், மனதில் ஓடுவதை எழுதியும் வையுங்கள் என்றார். எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன கைவேலை தெரியும்?

முன்னறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பலகை. பென்சிலால் பாதை வரைந்தேன். இந்த மூலை ராஜபாளையம் ஸ்டேஷன், அந்த மூலை ஸ்ரீவி. நடுவில் கண்மாய், தென்னந்தோப்பு. பின்பக்கம் மலை. ஸ்ரீவி. பக்கத்து வளைவை மட்டும் வரையவில்லை. காபி குடிக்க எழுந்து போனவன் திரும்ப உட்காரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில், புழுக்கம். வளைவை வரைந்தேன். இரண்டு தடவை அழித்து.

எழுதினால் பாரம் இறங்கும் என்கிறார் டாக்டர். எழுதிப் பார்க்கிறேன்.

போன மாதம், சாயங்கால வண்டி. நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் அசிஸ்டென்ட் கணேசன். ஸ்ரீவி. தாண்டி வளைவில் திரும்பியதும் தண்டவாளத்தில் ஒரு ஆடு. பக்கத்தில் வயதான ஒரு அம்மா. ஆட்டின் கயிறு ஜல்லியில் எங்கோ மாட்டியிருக்கிறது. ஹாரன் அடித்தேன். அந்த அம்மா குனிந்து கயிற்றை விடுவித்தார். ஆடு ஓடிவிட்டது. அவர் ஓடவில்லை. எமர்ஜென்சி பிரேக். ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி எஞ்சினைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

பிரேக் போட்ட பிறகு ஓட்டுகிறவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. வண்டி தன் போக்கில் போய்த்தான் நிற்கும். உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

விசாரணையில் என் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். சரி. ஆனால் ஏன் எழுந்திருக்கவில்லை? நேரம் இருந்தது. ஒரு எட்டு வைத்திருந்தால் போதும்.

பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

பெரிய முட்டாள்தனம். வெள்ளைப் பசை தீர்ந்துவிட்டது என்று, செருப்புத் தைக்கிறவர் வைத்திருக்கிற மஞ்சள் பசையை வாங்கி வந்து வளைவில் தடவினேன். ஃபோம் பொசுபொசுவென்று உருகிக் குழியாகிவிட்டது. சரியாக அந்த இடத்தில். துடைக்கத் துடைக்கப் பெரிதானது. கையில் துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வேண்டியவை: வெள்ளைப் பசை, கட்டர் பிளேடு, பழைய பேப்பர் (மலைக்கு), பச்சைப் பொடி. சாந்திக்குத் தைலம் (முட்டிவலித் தைலம் இல்லை, தலைவலித் தைலம்).

மத்தியானம் கணேசன் போன்.

"அண்ணே, அந்தம்மாவோட மக ஸ்டேஷனுக்கு வந்துச்சு. உங்க வீடு எங்கன்னு கேக்குது."

"எதுக்குலே?"

"தெரியலண்ணே. சண்டைக்கு வந்த மாதிரி இல்ல. உங்கள ஒரு தடவ பாக்கணுங்குது. ஊர்ல என்னமோ பேசுதாங்க போல. அன்னைக்குக் காலைல ஆத்தாளுக்கும் மகளுக்கும் சண்டையாம். ஆத்தா வேணும்னுதான் போய் நின்னுச்சுன்னு..."

"சொல்லிராதலே" என்றேன். வைத்துவிட்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

வந்து கேட்டால் என்ன சொல்வது? எழுந்திருக்கவில்லை என்றா?

நவம்பர் 8, சனி

மழை. பக்கத்துவீட்டு ராஜு வீட்டில் தெலுங்கில் பெரிய சண்டை, மோட்டார் ஓடவில்லை என்று.

குழியைப் பேப்பர் கூழால் அடைத்துத் தண்டவாளம் பதித்தேன். எஞ்சினை வைத்துக் கரண்ட் கொடுத்தேன். ஓடியது. சாந்தி கை தட்டினாள். குமிழைத் திருப்பினால் அந்த இடத்திலேயே பட்டென்று நிற்கிறது. அதைப் பார்க்கக் கோபம் வந்தது. ஒரு பொம்மை மேல் என்ன கோபம்.

வளைவில் மட்டும் எஞ்சின் தடம் இறங்கிச் சாய்கிறது. மெதுவாக விட்டாலும் சாய்கிறது. கூழ் உள்வாங்கியிருக்கும்.

சாந்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஏங்க, அந்தப் பிள்ளைய நாந்தான் நாளைக்கு வரச் சொன்னேன்" என்றாள்.

"எந்தப் பிள்ளைய?"

"அந்தம்மா மகள. பேரு மாரி. கணேசன் தம்பி என் நம்பரக் குடுத்திருக்கு. போன்ல அழுதுச்சுங்க. என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

"என்னால முடியாதே" என்றேன்.

"தெரியும்" என்றாள். சமையலறைக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

பத்து மணிக்கு மேல் வந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் தெருவிலேயே நின்றுகொண்டான். சாந்தி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பலகையை ஒரு துணி போட்டு மூடியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை. மாரி வந்ததும் அதைத்தான் பார்த்தாள்.

"இது நம்ம லைனா சார்?"

ஆமாம் என்றேன்.

"எங்க ஊரு எங்க?"

அவள் ஊர் வன்னியம்பட்டியிலிருந்து உள்ளே போகவேண்டும். பலகையில் அவ்வளவு இடமில்லை. வெளியே சுவர் பக்கம் கையைக் காட்டினேன். அப்புறம் அவளாகவே வளைவில் விரலை வைத்தாள். "இங்கனயா?" தலையாட்டினேன்.

விரலை எடுக்காமலே கேட்டாள். "எங்கம்மா வேணும்னு நின்னுச்சா சார்? நெசத்தச் சொல்லுங்க. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாக. கிட்டப் பாத்தது நீங்கதான்."

என்ன சொல்லலாம் என்று நான்கு நாளாக யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. பார்த்ததைச் சொன்னேன். கயிறு. குனிந்தது. ஆடு ஓடியது. "பொறவு எந்திரிக்கலம்மா. என்னையப் பாத்தாங்க. ஏன் எந்திரிக்கலன்னு எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல."

மாரி என்னையே பார்த்தாள். "குனிஞ்சுச்சா?"

"ஆமா."

"முட்டி போட்டா, சும்மா குனிஞ்சா?"

"முட்டி போட்டுத்தான். கயிறு கல்லுக்குள்ள கெடந்துச்சு."

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாந்தி ஓடிவந்து பிடித்தாள்.

"அதுக்கு ரெண்டு முட்டியும் போச்சு சார். கீழ உக்காந்தா தானா எந்திரிக்காது. நாந்தான் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கி விடுவேன். தெனமும் ஆட்டுக்கு நானும் கூடப் போவேன். அன்னைக்குச் சண்டன்னு போகல."

எழ நினைத்திருக்கிறார். முடியவில்லை. அதுதான் அந்தப் பார்வை.

ஒரு மாதமாக என்னைத் தின்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த அந்த நிமிஷமே அது அவள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். உன் தப்பில்லை என்றாவது. என்னிடம் எல்லாரும் அதைத்தானே சொன்னார்கள், எனக்கு என்ன பிரயோஜனப்பட்டது?

போகும்போது வாசலில் நின்று, "வேணும்னு போகல. அது போதும் சார்" என்றாள். போதாது என்பது முகத்தில் தெரிந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

வளைவை முழுவதும் அறுத்து எடுத்துவிட்டுப் புது ஃபோம் துண்டு வைத்தேன். மட்டம் பார்த்தேன். பசை காயும்வரை மேலே அகராதியை வைத்து அழுத்தினேன். இன்னும் எஞ்சின் சாய்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆபீஸிலிருந்து போன். அடுத்த வாரம் மெடிக்கல், ஃபிட் என்றால் டியூட்டி. "ஓட்டுவீங்கல்ல?" என்றார்கள். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. மாரி தூங்குவாளா என்ற நினைப்பு.

சாயங்காலம் அவளே சாந்திக்கு போன் செய்தாள். வியாழக்கிழமை முப்பதாம் நாள் கும்பிடுகிறார்களாம். "சார் வரணும்னு அப்பா சொல்லுதாக."

"எதுக்காம்?" என்றேன்.

"கேக்கலங்க. எப்படிக் கேக்குறது?"

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. சாந்தி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ.

பந்தல் சின்னதுதான். நான் இறங்கியதும் பேச்சு நின்றது. இவர்தான் அவர் என்று யாரோ யாரிடமோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி விடலாமா என்று பார்த்தேன். ஆட்டோ போய்விட்டிருந்தது.

படத்துக்கு மாலை. நான் பார்த்த முகத்தைவிட இளைய முகம். கும்பிட்டேன். எவ்வளவு நேரம் கும்பிட வேண்டும் என்று தெரியவில்லை.

மாரியின் அப்பா வந்து கையைப் பிடித்தார். காய்ப்புக் காய்த்த கை. ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். கையை விடாமலே பந்திக்குக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

சோறு வைத்துச் சாம்பார் ஊற்றும்போது தூரத்தில் ஹாரன். மத்தியான வண்டி. பந்தியில் ஒரு கையும் அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் என்னவோ செய்ய முடியும் என்பதுபோல. நான் இலையைப் பார்த்தேன். வண்டி போய் முடிகிறவரை அப்படியே இருந்தோம்.

பிறகு பெரியவர் என் இலைப் பக்கம் கையைக் காட்டி, "சாப்பிடுங்க சார், ஆறிரும்" என்றார்.

சாப்பிட்டேன்.