எஞ்சின் நம்பர் நோட்டு

ரங்கூன், 12-1-1965

அன்புள்ள அப்பாவுக்கு, மகன் ஞானமுத்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்கள் இந்தியாவுக்குத் திரும்பிய கப்பல் பயணத்தில் அம்மாவுக்கு வந்த இருமல் நின்றதா?

இங்கே நல்ல குளிர். ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் சூசைராஜும் ரயில் பாலத்தில் நின்று எஞ்சின் நம்பர்களைக் குறிப்போம். பிறகு அவன் வீட்டு ரேடியோவில் முள்ளைத் திருப்பித் திருப்பி, புதிதாகப் பிடிபடும் நிலையங்களையும் அதே நோட்டில் தமிழில் எழுதுவேன். வெறும் பொழுதுபோக்குதான்.

போன வாரம் பாலத்தில் ஒரு போலீஸ்காரர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இது என்ன எழுத்து? யாருக்குப் படிக்கத் தெரியும்?" என்று பர்மியில் கேட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன், அப்பா. சூசைராஜ் தன் நோட்டு என்றான். அவனை மாலைவரை காவல் நிலையத்தில் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

"விடுடா, உன் கோழிக் கிறுக்கல் யாருக்குத்தான் புரியும்?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பர்மிதான் என்றபோது, வேலை முடிந்த களைப்போடு தினமும் எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் நீங்கள்.

முடிந்தால் ஒரு மப்ளர் அனுப்புங்கள். அவனுக்கும் ஒன்று.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். எனக்குப் படிக்கத் தெரியும்.

ஞானமுத்து