படத்துக்கு முன்னால் வைத்த செம்பு

அக்கா,

சத்திரத்து மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொடிகளில் நம் வீட்டுத் துணிகள் காய்கின்றன. காலையில் கடலில் முங்கி, பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் வாங்கிக்கொண்டு வந்த துணிகள். எத்தனை தடவை அலசிப் பிழிந்தாலும் அந்த உப்பு வாடை போகாது. அது மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது என்று எழுதலாம்தான். அப்படி ஒன்றும் இல்லை. வாடை வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் இதே கொடியில் நீங்கள் ஒரு போர்வையைக் காயப்போட்டது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

இன்று உங்கள் வருஷத் திதி. இந்த ஒரு வருஷத்தில் நான் அழவில்லை. சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். திருப்பூரில் அடுப்படியில் நின்றுகொண்டு போனில் கேட்டேன். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன், பால் பொங்க இருந்ததால். ஓரகத்தி செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று துக்க வீட்டில் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன இடத்தை நாக்கால் தடவிப் பார்ப்போமே, அப்படித்தான் உங்களை அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன் நாம் வந்தது மாமனாரின் வருஷத் திதிக்கு. அபிக்கு அப்போது ஆறு வயது. ஒரு ராத்திரி விடாமல் பாயை நனைப்பாள். அவள் அப்பாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் என்றால் விடிந்ததும் துணியை அலசிப்போட்டு, பாயைத் தூக்கி வெயிலில் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கலாம். இங்கே ஒரே கூடம், வரிசையாக இருபது பேர் படுக்கை. நடுவில் பரமக்குடி நாத்தனார். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரை மூன்று தடவை கழுவுகிறவர். அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவர் என் எதிரிலேயே யாரையோ பற்றிச் சொல்லியிருந்தார்: "ஒண்ணாப்புப் படிக்குது, இன்னும் பாய்ல மோளுது. ஆத்தாக்காரி வளத்த லச்சணம்." அது எனக்குச் சொன்னதில்லை. ஆனால் நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். முதல் நாள் மத்தியானம் ராமநாதபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அபிக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. பாம்பன் பாலத்தில் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி" என்றாள். "எல்லாக் கெணத்துலயும் குளிச்சு முடிக்கிற வரைக்கும் குடிக்கக் கூடாது. வெரதம். குடிச்சா சாமி கோவிச்சுக்கும்" என்றேன். பொய் சொல்வதற்குச் சாமியைவிட வசதியான ஆள் கிடையாது. பிள்ளை நம்பியது. இரவு இரண்டு இட்லியை வெறும் வாயில் மென்று விழுங்கியது. நாத்தனார் பார்த்துவிட்டு, "ஆறு வயசுல வெரதமா! எம்புட்டு பக்தி எம்மருமகளுக்கு" என்று கன்னத்தைக் கிள்ளினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் பாய் காய்ந்து கிடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் கூச்சம்.

கோயிலுக்குள் ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் வாளிக்காரர் நின்று இறைத்து ஊற்றுவார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அபி மட்டும் அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். முதல் கிணறு, இரண்டாவது, மூன்றாவது. வாளித் தண்ணீர் முகத்தில் அறைகிறது, அவள் வாயை மூடவில்லை. "பாருங்கடி, தீர்த்தத்தைச் சிந்தாம வாங்கிக்கிறா" என்று எல்லோருக்கும் சிரிப்பு. நீங்களும் சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள்.

"எந்தக் கெணத்துத் தண்ணி நல்லாருக்கு, அபி?"

"மூணாவது. மொதக் கெணறு உப்பு பெரியம்மா. இருந்தாலும் குடிச்சேன்."

உங்கள் சிரிப்பு நின்றது. குனிந்து அவள் உதட்டைப் பார்த்தீர்கள். தோல் உரிந்திருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "புள்ள கடைசியா எப்பத் தண்ணி குடிச்சா?" நான் முந்தானையைப் பிழிந்துகொண்டு நின்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினீர்கள். அது ஏழாவது கிணறு. "இன்னும் பதினஞ்சு பாக்கி இருக்கு, எங்க போறவ?" என்று உங்கள் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். எனக்குப் பெரியத்தான், உங்களுக்கு எப்போதும் சத்தம் போடுகிறவர். நீங்கள் திரும்பாமலே, "அது அங்கனயேதான் இருக்கும்" என்றீர்கள். சொட்டச் சொட்ட ஈரத்தோடு பிரகாரத்தைக் கடந்து போனீர்கள். வெளியே அவள் இரண்டு இளநீர் குடித்தாளாம். பாய் நனைவதையும் உங்களிடம் சொல்லிவிட்டாளாம்.

மாடியில் புடவையை உதறிக்கொண்டே என்னிடம் பேசினீர்கள். வேறு யாரும் இல்லை. திட்டுவீர்கள் என்று நின்றேன். "ஒண்ணுக்குப் போனாத் தொடச்சுக்கலாம். புள்ளைக்கு வாய் காஞ்சா என்னத்தா செய்வ?" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று ராத்திரிப் படுக்கையை நீங்களே போட்டீர்கள். சாமான் கட்டி வந்த உரச்சாக்கைப் பிரித்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக்கைக் கீழே விரித்தீர்கள். அதன் மேல் உங்கள் பழைய நூல்புடவை, நான்காக மடித்து. சுவர் ஓரமாக அபி, அவளை அண்டி நீங்கள். விளக்கைக் குறைக்குமுன் அவளைப் பாத்ரூமுக்கு ஒரு தடவை தூக்கிக்கொண்டு போய் வந்தீர்கள். படுக்கைக்குத் தலைமாட்டில் ஒரு முக்காலி. அதில் மாமனார் படம், விளக்கு, அவருக்கு என்று ஒரு செம்புத் தண்ணீர்.

காலையில் நான் கண் விழித்தபோது அபி உங்களைத் தாண்டி, பிளாஸ்டிக்கை விட்டு உருண்டிருந்தாள். ஈரம் பாயைத் தாண்டி, அடுத்துப் படுத்திருந்த நாத்தனாரின் போர்வை வரைக்கும் போயிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். கை போர்வையில் பட்டது. "என்ன இது ஈரம்?" என்றார். அப்போது உங்கள் கையைப் பார்த்தேன். படுத்தபடியே, அவசரமில்லாமல், தலைமாட்டுக்குப் போனது. செம்பு உருண்டது. தண்ணீர் முழுவதும் பாயிலும் போர்வையிலும் உங்கள் தலையிலும் கொட்டியது.

"அய்யய்யோ, கை தட்டிருச்சே!"

கூடமே எழுந்துவிட்டது. நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "எங்கய்யாவுக்கு வச்ச தண்ணியக் கவுத்துட்டாளே! நேத்துக் கெணத்தையும் முழுசா முடிக்கல, இன்னைக்கு இதையும் செஞ்சுட்டாளே!" பெரியத்தான், "கிறுக்கி, ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்றார். நீங்கள் தலையைக்கூடத் துடைக்காமல் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனீர்கள். இங்கே கொடி கொடியாக ஊர் உலகத்துத் துணியெல்லாம் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எது எந்த ஈரம் என்று எவருக்குத் தெரியும்? நான் கீழேயே இருந்தேன். அபியை மடியில் போட்டுக்கொண்டு, அவள் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து, நல்லவேளை தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செத்தவருக்கு வைத்த தண்ணீரைக் கொட்டியது நம் வீட்டில் சின்னக் குற்றமில்லை. நாத்தனார் உங்களோடு அடுத்த திதி வரைக்கும் பேசவில்லை. அந்த வருஷம் போர்வெல் வற்றியபோது, "அன்னைக்கு அய்யா செம்பத் தட்டி விட்டால்ல, அதான்" என்று பெரியத்தான் போனில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன். பிறகு கோபம் ஆறி அது கேலியானது. உங்களுக்குச் 'செம்பு கவுத்தி' என்று பேர் வந்தது. காதுகுத்து, பால்காய்ச்சு, எங்கே போனாலும், "செம்ப நகத்தி வைங்கப்பா, அவ வர்றா" என்பார்கள். நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எத்தனை செம்பு வச்சிருக்கீக?" என்று கேட்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், அக்கா. முதல் தடவை பயத்தில் சிரித்தேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது.

பிள்ளையின் பேர் கெட்டுவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அபிக்கு ஒன்பது வயதில் அது தானாக நின்றுபோனது. அதற்குப் பிறகு சொல்ல என்ன தடை? ஒன்றுமில்லை. ஒரு நாள் உங்களிடம் மட்டுமாவது பேச்சை எடுத்தேன். "அன்னைக்குச் சத்திரத்துல, அக்கா..." என்று ஆரம்பித்ததும், "அபிக்கு வெயில்ல தண்ணி குடுத்து விடுறியா பள்ளிக்கூடத்துக்கு?" என்று கேட்டு மாற்றிவிட்டீர்கள்.

இன்று அதே கூடம், அதே முக்காலி. படம்தான் வேறு. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் படத்துக்கு முன்னால் வைத்த செம்பை நாத்தனார் சுவரை ஒட்டித் தள்ளி வைத்தார். "ஓரமா இருக்கட்டும். செம்பு கவுத்தி, போட்டோல இருந்தே தட்டி விட்ருவா. எங்கய்யாவுக்குச் செஞ்சதுதான தனக்கும்" என்றார். பாதி கேலி, பாதி அந்தப் பழைய வருத்தம். இரண்டு பேர் சிரித்தார்கள். என் முகமும் வழக்கம்போலச் சிரிக்கத் தயாரானது.

"அத்தை, பெரியம்மாவுக்குக் கை தட்டல" என்றாள் அபி.

பதினாலு வயது. சுவரில் சாய்ந்து தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். "நாந்தான் பாய்ல ஒண்ணுக்குப் போயிட்டேன். உங்க போர்வைலயும் பட்டுருச்சு. அது தெரியக் கூடாதுன்னு பெரியம்மா வேணும்னே கவுத்தாங்க. நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

தொலைந்துபோன குடையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். வெட்கமில்லை, பயமில்லை. எட்டு வருஷமாக நான் பொத்திப் பாதுகாத்த அவமானம் அவளிடம் இல்லவே இல்லை. நீங்கள் அவளுக்கு அதைக் கொடுக்கவே இல்லை.

பெரியத்தான் உங்கள் படத்தையே பார்த்தார். "எங்கிட்டகூடச் சொல்லலயே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்குத் தெரியுமாத்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த இடத்திலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

நாத்தனார் எழுந்து அந்தச் செம்பை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து வந்தார். சுவர் ஓரத்தில் வைக்கவில்லை. முக்காலியின் விளிம்பில், படத்தை ஒட்டி வைத்தார். "தட்டுனாத் தட்டட்டும்" என்றார்.

நான் மாடிக்கு வந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான்தான் அன்று பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நீங்கள் என் குற்றத்தைத்தான் தலையில் ஊற்றிக்கொண்டீர்கள், அபியின் குற்றத்தை இல்லை. அதைப் பெரியத்தானிடமும் நாத்தனாரிடமும் என் வாயால் சொல்லியாக வேண்டும். துணி காய்ந்ததும் கீழே போவேன்.

இப்போது அபி மேலே வந்தாள், கையில் தண்ணீர் பாட்டிலோடு. "காலைலேருந்து நீ தண்ணியே குடிக்கலம்மா" என்று மூடியைத் திறந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, அக்கா. ஒரு வருஷமாக வராத அழுகை இப்போதுதான் வந்தது.