அசைவு இருந்தால் மட்டும் பதிவு

பாவா,

இதோ, மறுபடியும் ‘டிங்’. இந்த மடலைத் தொடங்கியதிலிருந்து கம்ப்யூட்டர் ஐம்பது தடவை அடித்துவிட்டது. நீங்கள் இருந்தால் அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் பேனாவை வைத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். மலையிலிருந்து இறங்கும் காற்றில், உங்கள் கடை வாசலில் தொங்கும் குழந்தைத் தொப்பி ஒன்று ஆடியிருக்கிறது. அவ்வளவுதான். அதற்குக் கீழே உங்கள் நாற்காலி, காலியாக.

மொட்டை அடித்த பிள்ளைகளுக்குத் தொப்பியும் சந்தனமும் விற்கிற கடைக்குக் கேமரா எதற்கு என்று திருத்தணியே கேட்டது. தினமும் தொப்பி காணாமல் போனதில் நீங்கள் பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சை நிறுத்தியிருந்தீர்கள். நான்தான், “கேமரா போட்டுடலாம் பாவா, அரக்கோணத்துல நான் போடாத கடையே இல்ல” என்றேன். நான் அங்கே ஒரே ஒரு கடையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீங்கள் மட்டும் சும்மாவா இருந்தீர்கள்? “ஒம்பதாங் கிளாஸ் பெயிலு, இன்ஜினியர் மாதிரி பேசிகினு கீறான் பாரு உன் தம்பி” என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

ஆனால் அந்த மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்தான், அதில் பொய் இல்லை. அது எதைக் கேட்டாலும் ‘சம்மதம்’ என்றே அமுக்கினேன். இரண்டு கேமராவையும் அதனதன் எண்ணைப் போட்டுச் சேர்த்தேன். இருபத்துநாலு மணி நேரமும் பதிந்தால் சீக்கிரம் இடம் நிரம்பிவிடும் என்பதால், ‘அசைவு இருந்தால் மட்டும் பதிவு’ என்ற வரிக்கு நேராக டிக் போட்டேன்.

மூன்றாம் நாள் திருடன் சிக்கினான். குரங்கு. நாற்பது குரங்கு படையெடுத்து வந்தது என்று நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து உங்கள் குரல்: “பாதியா சொல்லு மச்சான்.” இருபது என்றேன். “இன்னும் பாதி.” இப்படியே இறங்கி, ஒன்றில் வந்து நின்றோம். அதுவும் குட்டி. அன்றைக்கே பக்கத்துக் கடைக்காரருக்கு நீங்களே டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அப்புறம்தான் இந்த ‘டிங்’ உங்களைப் படுத்தியது. தொப்பி ஆடினால் டிங், காக்கா பறந்தால் டிங். “இத்த நிறுத்துடா, தல வலிக்குது” என்றீர்கள். எவ்வளவு சின்ன அசைவைப் பிடிக்கவேண்டும் என்பதற்கு அதில் ஒரு கோடு உண்டு. அதை நான் கீழே இழுத்துவிட்டேன். சத்தம் அடங்கியது. நீங்கள் நாற்காலியில் சாய்ந்து, வழக்கம்போல் ஒரு விரலால் கைப்பிடியில் தட்டிக்கொண்டே, “இப்பதான்டா நிம்மதி” என்றீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த மதியத்தின் பதிவில் இரண்டே துண்டுகள்தான் இருக்கின்றன. இரண்டு மணிக்கு நீங்கள் ஒரு குழந்தைக்குத் தொப்பி மாட்டிவிட்டு வந்து உட்காருகிறீர்கள். அடுத்தது, அக்கா டீயோடு வந்து உங்கள் தோளைத் தொடுகிறாள். நடுவில் முக்கால் மணி நேரம் கிடையாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் அளந்து உடு. எங்கிட்ட மட்டும் நெசத்த சொல்லு. அவரு என்னக் கூப்ட்டாரா? உள்ள வீட்ல மிக்சி ஓடிகினு இருந்துச்சு, எனக்குத்தான் கேக்கலையா?”

தூங்குவதுபோல, மலையைப் பார்த்தபடி, முகத்தில் சிரிப்போடு போனீர்கள் என்று ஒரு கதை வாய்வரை வந்துவிட்டது. சொல்ல முடியவில்லை, பாவா. எனக்கே முதல் தடவை.

மறுநாள் மதியம், கோட்டை அன்றைக்கு இருந்த இடத்திலேயே விட்டு, அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். விரலால் தட்டினேன்.

“இல்லடா, பதியல.”

மணிக்கட்டைத் தூக்கினேன். அதுவும் இல்லை. கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனேன். டிங்.

“ஆங், பதியுது.”

பிறகு உங்களைப் போலவே உடம்பை முழுசாகத் திருப்பி, உள்பக்கம் பார்த்து, “இந்தாமே!” என்று கூப்பிட்டேன். டிங்.

“திரும்பாம அவரு என்னக் கூப்ட்டதே இல்லடா” என்றாள். “ஒரு தண்ணி கேக்கணும்னாகூட இந்தப் பக்கம் திரும்பிதான் கேப்பாரு.”

அழுது முடித்துவிட்டு, “அந்தக் கோட்ட மேல ஏத்துடா” என்றாள்.

“நாள் பூரா அடிச்சிகினே இருக்கும்க்கா.”

“அடிக்கட்டும்.”

கடைசிவரை ஏற்றிவிட்டேன். இப்போது ஈ பறந்தால்கூடப் பதிகிறது. உள்ளே அக்கா மிக்சி போடும்போதெல்லாம் நடுவில் நிறுத்திவிட்டு, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி போடுகிறாள்.

டீக்கடையில் நாற்பது குரங்கு கதையை நான் விடவில்லை, போன வாரம் அறுபதாகிவிட்டது. பாதியாக்க ஆள் இல்லை. ஆனால் அந்த மதியத்தைப் பற்றி யாராவது கேட்டால், நெஞ்சில் கை வைக்கவில்லை, திரும்பவில்லை என்ற இரண்டை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை. விரல் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது, பாவா. கோட்டைக் கீழே இழுத்தவன் நான். உங்கள் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் என் விரல் தானாகத் தட்ட ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு டிங், உள்ளே மிக்சி நிற்கிறது.

இதோ, டிங். தொப்பியாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு வருகிறேன்.