அடுப்படி அம்பயரும் கராஜ் ராஜாவும்

ஜூலை 29, செவ்வாய்

நாரைகள் இன்றும் தோற்றார்கள். பெல்ஃபோர்டுக்கு வாய்த்த பேஸ்பால் அணி இது ஒன்றுதான். அதிலும் ஒருவன் இரண்டாம் பேஸில் நின்றுகொண்டு மிசிசிப்பி ஆற்றில் போகிற படகை வேடிக்கை பார்க்கிறான். அவுட் ஆகாமல் என்ன செய்வான்?

ரசிகர்களின் 'நாரைக்கூடு' இணைய அரட்டையில் ஒரே ஒப்பாரி. வழக்கம்போல நான் அடுப்படி மேசையில் மடிக்கணினியோடு. என் புருஷன் டுவேன் கராஜில், ரேடியோவும் போனுமாக. நடுவில் ஒரு சுவர். கூட்டில் என் பெயர் அடுப்படி அம்பயர், அவன் பெயர் கராஜ் ராஜா. வீட்டுக்குள் நாங்கள் பேசிக்கொள்வது குப்பைத்தொட்டியை வெளியே வைத்தாயா, ரத்த அழுத்த மாத்திரை போட்டாயா என்பதோடு சரி. மற்ற பேச்செல்லாம் கூட்டில்தான்.

இன்று எழுதினான்: "நம்ம பிட்சர் எறியிற பந்தைவிட எங்க வீட்டு அம்பயர் எறியிற தட்டு வேகமா வரும்."

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது.

ஜூலை 31, வியாழன்

புது மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்கிறார் அணியின் முதலாளி. கட்டித் தர வேண்டுமானால் ஊரில் விற்பனை வரியை ஏற்ற வேண்டும். ஏற்றலாமா வேண்டாமா என்று செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஓட்டு.

ஏற்றட்டும் என்கிறேன் நான். நாரைகள் போய்விட்டால் இந்த ஊரில் கோடைக்காலத்தில் சோளம் வளர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூடவே கூடாது என்கிறான் டுவேன். டிராக்டர் ஆலையில் ஆயுசு முழுக்கச் சங்கத்தில் இருந்தவன், முதலாளி என்ற சொல்லைக் கேட்டாலே காது சிவக்கும்.

இந்தச் சண்டைக்கென்றே நாரைக்கூட்டில் 'நிலவறை' என்று தனி அறை உண்டு. ஆட்ட அரட்டையில் அரசியல் பேசினால் மூன்று ஆட்டத்துக்கு வாய்ப்பூட்டு. கூட்டில் எந்த அறையிலும் ஒரு சொல் எழுத முடியாது. இந்த விதியை எழுதியது டுவேன்தான்! ஒரு ஜனாதிபதித் தேர்தல் வருஷம், கூட்டில் எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தபோது நாரைகள் ஒரே பந்தில் மூன்று பேரை அவுட் ஆக்கினார்கள். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் எழுதிய விதி. சாவியை வைத்திருக்க ஆள் கிடைக்காமல் என் தலையில் கட்டினார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

போட்டுவிட்டேன். கட்டின புருஷனுக்கே வாய்ப்பூட்டு!

கடைசி இன்னிங்ஸ். சமநிலை. மூன்று பேஸிலும் நம் ஆட்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கராஜ் ராஜாவிடமிருந்து ஒரு கட்டுரை வந்து விழுகிறது. ரேடியோவில் முதலாளியின் விளம்பரம் போட்டார்களாம், பொங்கிவிட்டான். "என் வரிப்பணத்துல இந்த ஆளுக்குக் கண்ணாடி மாளிகை எதுக்கு? முதல்ல நல்ல மட்டை நாலு வாங்கித் தரச் சொல்லு" என்று ஆரம்பித்து, மேயர், நகரசபை, மேயரின் மச்சான் என ஒருவரையும் விடவில்லை.

லூபே உடனே பிடித்துக்கொண்டாள். இறைச்சி ஆலையில் பகல் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவள், இடதுகைக்காரி, வாயும் அப்படித்தான், எந்தப் பக்கத்திலிருந்து வருமென்றே தெரியாது. "அம்பயர்! முழிச்சிட்டிருக்கீங்களா? உங்க வீட்டுக்காரர்னா விதி தூங்குமா?"

பாஸ்டர் வெர்லின் சமாதானத்துக்கு வந்தார். "குடும்பம் முக்கியம் மார்லிஸ். நான் எதையும் பாக்கல."

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது. பொத்தானை அழுத்தினேன். கராஜிலிருந்து "அடிப்பாவி!" என்று ஒரு சத்தம். அடுத்த பந்தில் நம் ஆள் ஹோம் ரன் அடித்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வென்றோம். வீட்டில் மாத்திரைப் பேச்சுகூட இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்றும் வெற்றி, இன்றும் வெற்றி. வாய்ப்பூட்டுக்காலம் முடிந்தது. நாளை ராஜா திரும்பி வருகிறார் என்று அறிவித்தேன். கூட்டில் ஒருவரும் கைதட்டவில்லை. ஏன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

ஏன் என்று தெரிந்துவிட்டது.

நாரைகள் முன்னணியில் இருந்தார்கள். டுவேன் உள்ளே வந்து "வந்துட்டேன்டா!" என்று எழுதினான். அடுத்த பந்தை எதிரணிக்காரன் தூக்கி ஆற்றுக்குள் அடித்தான். அப்புறம் சரிவுதான்.

லூபே: "ராஜா, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. கையெடுத்துக் கும்பிடுறேன், போயிடுங்க."

பாஸ்டரும் சொன்னார்: "மூடநம்பிக்கை பாவம்தான், டுவேன். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு நீ வெளிய இரேன்."

சிரித்துக்கொண்டே திரும்பினால் டுவேன் அடுப்படி வாசலில் நிற்கிறான். போன வாரத்திலிருந்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"போடு பூட்டை."

"டுவேன், அது சும்மா தற்செயல்."

"தற்செயலா? நாரைங்க கோப்பை ஜெயிச்ச வருஷத்துல இருந்து நான் இந்தத் தொப்பியைத் துவைக்கல. அது தற்செயலா? போடு பூட்டை. சீசன் முடியிறவரைக்கும்."

போட்டேன். அந்தத் தொப்பியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தோல்வியே இல்லை. பட்டியலில் மளமளவென்று மேலே போகிறோம். லூபே பூட்டுப் படம் போட்ட பனியன் அச்சடித்துவிட்டாள். நேற்று மைதானத்தில் பாதிப்பேர் அதைத்தான் போட்டிருந்தார்கள். பாஸ்டர் பிரசங்கத்தில் நாவடக்கம் பற்றிப் பேசினாராம். சபையே கராஜ் ராஜாவை நினைத்துச் சிரித்ததாம்.

டுவேனால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாம் இன்னிங்ஸில் அடுப்படிக்கு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான். "நான் சொல்றேன், நீ எழுது. பிட்சரை மாத்தச் சொல்லு."

கூட்டில் கேட்டேன்: ராஜா சொல்லி நான் எழுதலாமா? பெரிய விவாதம். எழுதக் கூடாது, சொல் அவருடையதென்றால் தோஷமும் அவருடையது என்று தீர்ப்பு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனான். எனக்குச் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வென்றோம். லூபே ஒன்று எழுதினாள் - நாரைகளின் கோச் நடப்பது கால்சட்டைக்குள் எறும்பு புகுந்தவர் மாதிரி இருக்கிறதாம். விழுந்து விழுந்து சிரித்தேன். பழக்கத்தில் சுவர்ப்பக்கம் காது போனது. அந்தப் பக்கம் சத்தமில்லை. அவனுக்குப் படிக்கவே பிடிக்கவில்லையாம், போனை அணைத்தே வைத்துவிடுகிறான்.

ராத்திரிச் சாப்பாட்டில் சோளக்கதிர் வேகவைத்திருந்தேன். எறும்பு விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றான். கதிரை வரிசை வரிசையாகக் கடித்துத் தின்றுவிட்டு எழுந்து போனான்.

ஒரு பொத்தானை அழுத்தி என் வீட்டுப் பேச்சையே அணைத்துவிட்டேனோ?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிலவறைக்குப் போனேன். முன்பெல்லாம் அடிதடியாக இருக்கும். இப்போது எல்லோரும் ஒரே பாட்டுத்தான். மைதானம் வேண்டும், ஆமாம் வேண்டும், நான் சொன்னது சரி, நீ சொன்னது அதைவிடச் சரி. வேண்டாம் என்று உரக்கச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் கராஜில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறான். மற்ற 'வேண்டாம்'காரர்கள் அவனை எதிர்பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள் போல.

எதிராளியின் வாயைப் பூட்டி வைத்துவிட்டு நான் ஜெயிக்கிறேன். இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? சாவி என்னிடம் இருக்கிறது, லாபமும் எனக்கு. வேறு ஊரில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் எப்படிக் கத்தியிருப்பேன்!

கராஜுக்குப் போய்ச் சொன்னேன். "பூட்டைத் திறக்கிறேன். நிலவறைக்கு மட்டும் போ. ஓட்டுக்கு முன்னாடி உன் பக்கத்தைச் சொல்லு."

"வேணாம் மார்லிஸ். ப்ளேஆஃப் கிட்ட வந்துட்டாங்க."

"அப்ப ஓட்டு?"

ரேடியோவின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தான். "எனக்கு ரெண்டும் வேணும். ஆனா என் வாயால நாரைங்க தோத்தாங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாது. அதை என்னால தாங்க முடியாது."

இவ்வளவு பெரிய ஆள், கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான்.

செப்டம்பர் 6, சனி

என்னென்னவோ நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மடிக்கணினியை அவன் மடியில் வைத்தேன். "எழுது. தோத்தா பழி என்மேல" என்றேன். இரண்டே விரலால் மத்தியானம்வரை தட்டினான். நான் கேலி செய்யத் தயாராகத்தான் படித்தேன். கேலி வரவில்லை. "நம்ம மைதானத்துல கூரை ஒழுகுது, கழிவறை வரிசை ஆத்தங்கரை வரைக்கும் நீளுது. நிஜம்தான். ஆனா வரி கட்டப்போறது ஆலையில எலும்பு வெட்டுற லூபே. கண்ணாடி அறையில சொகுசா உக்காந்து பாக்கப்போறது அவ இல்ல. நாரைங்க மேல எனக்கு இருக்கிற ஆசையை வச்சு என்னை மிரட்டாதீங்க, அதுதான் எனக்கு வலிக்குது." இப்படி முடித்திருந்தான்.

என் மனசு மாறவில்லை. ஆனால் இவன் பேசாமல் நான் ஜெயிக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். பூட்டைத் திறந்து நிலவறையில் அவன் பெயரிலேயே போட்டேன்.

மாலையில் நாரைகள் தோற்றார்கள். வேறென்ன? ப்ளேஆஃப் நாளைய ஒற்றை ஆட்டத்தில் தொங்குகிறது.

ஆட்ட அரட்டையில் லூபே: "பூட்டை யார் திறந்தது? யார்?"

பாஸ்டர்கூட: "மார்லிஸ், இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாமே."

எனக்கு வந்ததே கோபம்! அப்படியே தட்டிவிட்டேன்: "நான்தான் திறந்தேன். செவ்வாக்கிழமை ஓட்டு. மைதானம் வேணும்னு சொல்ற நமக்கு எவ்வளவு உரிமையோ, வேணாம்னு சொல்ற அவனுக்கும் அவ்வளவு உரிமை!"

 லூபே மெதுவாக எழுதினாள்: "அம்பயர்... இது ஆட்ட அரட்டை."

ஐயோ. ஓட்டு, மைதானம், உரிமை. மூன்றையும் ஒரே மூச்சில் பேசியிருக்கிறேன்.

விதி என்றால் விதி. முதலில் டுவேனுக்குத் திரும்பவும் பூட்டுப் போட்டேன். சாவியைப் பாஸ்டரிடம் ஒப்படைத்தேன். அவர் எனக்குப் போட்டார். "ஆண்டவர் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தட்டும்" என்று கூடவே ஒரு வரி.

சுவருக்கு அந்தப் பக்கம் வெடிச்சிரிப்பு. ஐந்து வாரம் கழித்து.

செப்டம்பர் 7, ஞாயிறு

மடிக்கணினியை மூடிவிட்டு என்ன செய்வது? அடுப்படி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

"வாங்க அம்பயர். குற்றவாளிங்க எல்லாம் இந்தப் பக்கம் உக்காரணும்" என்றான்.

"தொப்பியை மட்டும் அந்தப் பக்கமா வை. நாத்தம் தாங்கல."

ரேடியோவை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் கேட்டோம். ஏழாம் இன்னிங்ஸில் பிட்சரை மாற்றியது சரியா தப்பா என்று தொண்டை வற்றச் சண்டை போட்டோம். எழுத்தில் அவன் இவ்வளவு வேகமாக வாதாடுவதில்லை, இரண்டு விரலல்லவா! கல்யாணமான புதிதில் மைதானத்தின் மரப்பலகையில் உட்கார்ந்து இப்படித்தான் கத்துவோம்.

நாரைகள் வென்றார்கள். ப்ளேஆஃப்! லூபேயிடமிருந்து போனுக்கு ஒரு செய்தி: "ரெண்டு பேரும் அங்கேயே இருங்க. அசையாதீங்க."

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரே வண்டியில் போய் ஓட்டுப் போட்டோம். நான் வேண்டும், அவன் வேண்டாம்.

"உன் ஓட்டும் என் ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. வீட்லயே இருந்திருக்கலாம்" என்றேன்.

"வீட்ல ஆப்பிள் பை இல்லயே" என்று வண்டியை உணவகத்துக்கு விட்டான்.

மைதான வரி மயிரிழையில் ஜெயித்தது. அவன் போனுக்கு லூபே எழுதியிருந்தாள். சத்தமாகப் படித்துக் காட்டினான்: "ராஜா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு வேணாம்னு போட்டுட்டேன். மார்லிஸ்கிட்ட சொல்லிடாதீங்க."

முறைத்தேன். அவன் தோற்றவன் மாதிரியே இல்லை. புது மைதானத்தில் நிழல் விழும் பக்கம் எதுவாக இருக்கும் என்று கேட்கிறான், வெட்கமில்லாமல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ப்ளேஆஃபில் தோற்றோம். கடைசிப் பந்துவரை போராடித்தான். இரண்டு பேர் வாயையும் பூட்டியும் தோற்றார்கள் என்பதால் இந்தமுறை பழி யார்மேலும் இல்லை. டுவேன் தொப்பியைத் துவைக்கப் போட்டான். தண்ணீர் ஆற்றுநிறத்தில் வந்தது.

செப்டம்பர் 20, சனி

பாஸ்டரிடமிருந்து செய்தி: "பூட்டைத் திறந்து ஒரு வாரமாச்சு. சாவியும் உனக்காகக் காத்திட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் இல்லாம நிலவறையில சண்டை போடவே ஆளில்ல. எங்க போனீங்க?"

டுவேனுக்குப் படித்துக் காட்டினேன். நவம்பரில் வரும் பள்ளி வாரியத் தேர்தலைப் பற்றி அவன் ஏதோ அபத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் மறுத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வர்றோம்னு எழுது. முதல்ல இதை முடிப்போம்" என்றான்.

இன்னும் முடியவில்லை. அடுப்படி மேசையில் ஒரு நாற்காலி குறைகிறது. அது கராஜில்தான் இருக்கிறது.