ஆல்ட் கீயில் ஒட்டிய பொட்டு

இன்றைக்குக் காலையில், நாம் நானா என்று கூப்பிடுகிற நம் முதலாளி புதுக் கீபோர்ட் வாங்கி வந்து மேசையில் வைத்தார். பழையதைக் குப்பைக்கூடையில் போடப் போனவரின் கையைத் தட்டிவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டேன். மனிதர் மிரண்டுபோனார். ஸ்டூடியோ முதலாளியின் கையையே தட்டிவிடுகிறவள் இந்தப் பதுளைப் பஜாரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதன் ஆல்ட் கீயில் உன் பொட்டு இருக்கிறதே, எப்படி விடுவேன்? மெரூன் நிறம் வெளுத்து, ஓரமெல்லாம் என் பெருவிரல் அழுக்கு ஏறி, இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தின் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாம். ஆனாலும் எனக்குச் சில மாதம் முந்தி இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று உனக்கு ஒரு மிதப்பு. நீ பொட்டு ஒட்டிய அன்றைக்கு நான் ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு வீடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு, பூ, பிள்ளையின் படம், தாய்மாமன் படம் எல்லாம் டைம்லைனில் ஒன்றன்கீழ் ஒன்றாக லேயர் லேயராகக் கிடந்தன. ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு அடைப்புக்குறியைத் தட்டினால் லேயர் அந்த இடத்தில் வெட்டுப்படும். ஆல்ட்டை மறந்தால் வெட்டுப்படாது, முழு லேயரும் நகர்ந்துவிடும். நான் மறந்தேன். பிள்ளையின் படம் எங்கோ நகர்ந்துபோக, பூப்பெய்திய செல்வி என்ற எழுத்துக்கு மேலே தாய்மாமன் முறுக்கு மீசையோடு வந்து நின்றார்.

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். பிறகு உன் நெற்றிப் பொட்டை எடுத்து ஆல்ட் கீயில் அழுத்தி ஒட்டினாய்.

"நவுத்தாதடி, வெட்டு. பொட்ட அமுக்கிக்கிட்டு வெட்டு."

அதோடு விட்டாயா? ஒரு பிரேம், கண் இமைக்கிற நேரம்கூட நிற்காத ஒரே ஒரு படம், பிசகினாலும் என் உயிரை எடுப்பாய். ஒரு லேயரின் முடிவை, அதாவது வாலை, வெட்டுகிற பிரேம் அந்த லேயருக்கே சொந்தம். அடுத்ததன் தலையையும் அதே பிரேமில் வெட்டினால் ஒரு கணம் இரண்டும் சேர்ந்து தெரியும். அதனால் வாலை வெட்டியபின் ஒரு பிரேம் தள்ளிப்போய்த் தலையை வெட்ட வேண்டும். கல்யாண வீட்டில் சோறு தின்கிற அவசரத்தில் இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்பேன். பசறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போதுகூட நீ விட்டுக்கொடுத்ததில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உறுத்தும் என்பாய்.

காமன் கூத்து தொடங்குமுன் திரையில் ஓட ஒரு முகப்புப் படம் செய்ய வேண்டும் என்பது உன் ஆசை. மாசி மாதம் நம் தோட்டத்தில் ஆடுகிற கூத்து, சிவன் கண்ணைத் திறந்து காமனை எரிக்கிற கதை. அதற்குப் பெரிய திரை வாடகைக்கு எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் உனக்குத் தலைகால் புரியவில்லை. கோவிலடியில் தப்புக்காரர்களை உட்காரவைத்துப் பறையை அடிக்கச் சொல்லிப் பதிவுசெய்தாய். தப்பின் கடைசி அடி விழுகிற பிரேமில் காமன் மறைந்து நெருப்புப் பிடிக்க வேண்டும் என்றாய். லேயர்களை எல்லாம் வரிசையாக அடுக்கிவைத்தாய். ஒன்றையும் வெட்டவில்லை. மழை தொடங்கிய நாட்களில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவேயில்லை.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறவளா நீ? உன் பைலைத் திறக்கவே பயமாக இருந்தது. பயந்து பயந்துதான் ஒவ்வொரு லேயராக வெட்டி முடித்தேன்.

கோவில் கமிட்டித் தலைவர் ஒரு நிபந்தனை போட்டார். கொழும்பில் யாரோ செய்துகொடுத்த வீடியோ ஒன்று அவர் கையில் இருந்தது. முதலில் நம்முடையதைத் திரையில் ஓட்டிப் பார்ப்பாராம், சரியில்லாவிட்டால் அதைப் போடுவாராம். தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் பொழுது சாயும் நேரம் திரைக்காரர் நம்முடையதை ஓட்டினார். தப்பு அதிர்ந்தது, நெருப்பு எழுந்தது. அந்த நெருப்புக்குள் காமனின் முகம் பளிச்சென்று ஒரு தடவை தெரிந்து மறைந்தது. ஸ்டூடியோவின் சின்னத் திரையில் என் கண்ணுக்குப் படாத ஒரு பிரேம், லயத்து உயரத் திரையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அடி விழுகிற அதே பிரேமில் காமனின் வாலையும் நெருப்பின் தலையையும் வெட்டித் தொலைத்திருக்கிறேன்.

தலைவர் தலையை ஆட்டினார். "காமன் எரியலையே புள்ள. நெருப்புக்குள்ளேருந்து எட்டிப் பாக்குறான். இது சரிவராது, கொழும்புலேருந்து வந்ததயே போட்டுருவோம்."

நான் அசையவில்லை. "பூச முடியறதுக்குள்ள சரிபண்ணித் தாரேங்க தலைவரே. அப்பவும் சரியில்லேன்னா நானே அதப் போடச் சொல்றேன்."

நல்லவேளை, உன் பைல் பென் டிரைவில் என்னிடம் இருந்தது; திரைக்காரரின் லெப்டொப்பிலும் நம்முடைய அதே மென்பொருள் இருந்தது. காமனின் வாலில் ஒரே ஒரு பிரேம் குறைய வேண்டும். ஒரு பிரேம் பின்னால் போய்த் தட்டினேன். அவசரத்தில் ஆல்ட்டை அமுக்கவில்லை. காமன் முழுசாக நகர்ந்துபோனான். உடனே பழையபடி ஆக்கினேன். பெருவிரல் பொட்டைத் தேடியது. அந்த லெப்டொப்பில் பொட்டுக்கு எங்கே போவது? என் நெற்றியில் இருந்ததை எடுத்து ஆல்ட் கீயில் அழுத்தினேன். திரைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். பொட்டை அமுக்கினேன், அடைப்புக்குறியைத் தட்டினேன். காமன் நகரவில்லை. வால் மட்டும் சுத்தமாக வெட்டுப்பட்டது.

பூசாரி தீபாராதனை காட்டி முடிக்கவும் புது வீடியோ தயாராகவும் சரியாக இருந்தது. இந்தத் தடவை தலைவர் மட்டும் பார்க்கவில்லை, தோட்டமே திரண்டு நின்று பார்த்தது. தப்பின் கடைசி அடி விழுந்தது. காமன் இல்லை, நெருப்பு மட்டும்தான். பிறகு எழுந்த விசில் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நாம் ஜெயித்துவிட்டோமடி! தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இன்னொரு தடவ போடச் சொல்லு புள்ள."

கொழும்பு வீடியோவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. இப்போது ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் முகப்புப் படம் கேட்டு வருகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் நானா புதுக் கீபோர்ட் வாங்கினார். அதன் ஆல்ட் கீயிலும் என் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டேன். உன்னுடையது பழைய கீபோர்டோடு என் மேசை லாச்சியில் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முகப்பின் கடைசி லேயர் உன் பெயர். நான் சேர்த்தது. நெருப்பு அணைகிற இடத்தில் அதை வெட்டியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். அதை மட்டும் வெட்டாமல் டைம்லைனின் கடைசிவரை ஓடவிட்டேன். தலைவர் கேட்ட இரண்டாம் தடவையும் முடிந்து தப்புக்காரர்கள் களத்துக்குள் இறங்கிய பிறகும் உன் பெயர் திரையில் நின்றது. அணைத்துவிடட்டுமா என்று திரைக்காரர் கேட்டார். உன் அம்மா தலைச்சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்கு நேரே போய் நின்றார். இருக்கட்டும் என்றேன்.

திட்டுவதானால் திட்டிக்கொள். அந்த லேயரை நான் வெட்டமாட்டேன்.